இறைப் பராமரிப்பும் மனித சுயாதீனமும்: கிறிஸ்தவ சமய மெய்யியலின் இரு நூல்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இறைவன் அனைத்தையும் அறிந்தவன். அனைத்தின் மீதும் ஆற்றலுடையவன். மனிதனோ தன் செயல்களுக்குப் பொறுப்புடையவன். இவ்விரண்டையும் ஒருசேர நம்பும் எந்தச் சமயத்தாரும் ஒரு வினாவை எதிர்கொண்டே தீரவேண்டும். நாளை நான் செய்யப்போவது இன்றே இறைவனுக்குத் தெரிந்திருக்குமாயின், அதனைச் செய்யாமல் விடுவதற்கு எனக்கு இடமுண்டா? இடமில்லையெனில் பொறுப்பு எங்கிருந்து வருகிறது? கழா-கத்ர் பற்றிய விவாதம் முஸ்லிம் சமூகத்தின் முதல் நூற்றாண்டிலேயே எழுந்ததை நாம் அறிவோம். ஆனால், இதே வினா கிறிஸ்தவ உலகிலும் பதினைந்து நூற்றாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருவதையும், இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அது புத்துயிர் பெற்றதையும் நம்மில் அறிந்தோர் சிலரே. கிறிஸ்தவம் பற்றித் தமிழில் முஸ்லிம்கள் எழுதியவற்றுட் பெரும்பாலானவை திரித்துவம், ஈஸா (அலை) அவர்களின் நிலை, வேத நூல்களின் பாடச் சிக்கல்கள் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அவை அவசியமானவையே. எனினும் நமக்கும் அவர்களுக்கும் பொதுவான ஒரு வினாவுக்கு அவர்கள் தேடிய விடைகளைப் படிப்பது வேறு வகையான பயனைத் தரவல்லது.

அந்நோக்குடன் இக்கட்டுரை இரு நூல்களை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் 1998ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்தவை. ஒன்று, நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்த கத்தோலிக்க அறிஞர் தாமஸ் ஃபிளின்ட் எழுதிய ‘இறைப் பராமரிப்பு: மொலினாவின் விளக்கம்’. மற்றது, புரட்டஸ்தாந்து அறிஞர் ஜோன் சாண்டர்ஸ் எழுதிய ‘இடர் ஏற்கும் இறைவன்’. முன்னது இறைவனின் ஆட்சியிலிருந்து எதுவும் தப்பவில்லை என்று நிறுவ முயல்கிறது. பின்னது, மனிதனுக்குச் சுயாதீனத்தை வழங்கிய இறைவன் அதன் விளைவுகளை முன்கூட்டியே உறுதியாக அறிந்திருக்கவில்லை என்று துணிந்து கூறுகிறது. ஒரே வேத நூலை நம்புவோர் ஒரே ஆண்டில் இத்துணை எதிரெதிரான முடிவுகளுக்கு வந்தது ஏன் என்பது ஆராயத்தக்கது.

வரலாற்றுப் பின்னணி

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலேஜியஸ் என்பார் மனிதன் தன் முயற்சியால் நன்மையைத் தெரிவு செய்ய வல்லவன் எனப் போதித்தார். வட ஆபிரிக்காவில் ஆயராக விளங்கிய அகஸ்டின் (354-430) அதனைக் கடுமையாக மறுத்தார். ஆதி பாவத்தால் மனித விருப்பு ஊனமுற்றுவிட்டது. இறையருள் முந்திக்கொள்ளாத வரை நம்பிக்கைகூட மனிதனிடம் பிறப்பதில்லை என்பது அவரது வாதம். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த போயித்தியஸ் மற்றொரு வழியைக் காட்டினார். இறைவன் காலத்துக்கு அப்பாற்பட்டவன். முக்காலமும் அவனுக்கு ஒரே நிகழ்காலமாகத் தோன்றுகின்றது. ஆகவே அவனது அறிவை ‘முன்னறிவு’ என அழைப்பதே பொருத்தமன்று. ஒருவர் நடப்பதை நாம் பார்ப்பது அவரை நடக்குமாறு கட்டாயப்படுத்தாதது போல, இறைவனின் பார்வையும் கட்டாயப்படுத்துவதில்லை.

இவ்விளக்கம் அழகானது. ஆனால் அது அறிவைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆட்சியைப் பற்றிப் பேசவில்லை. உலகை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவனாக அன்றி, அதனைத் திட்டமிட்டு நடத்துபவனாகவே வேதங்கள் இறைவனைக் காட்டுகின்றன. மறுமலர்ச்சிக் காலத்தில் இப்பிரச்சினை கொழுந்துவிட்டெரிந்தது. 1524இல் எராஸ்மஸ் மனித விருப்பின் சுயாதீனத்தை ஆதரித்து எழுத, அடுத்த ஆண்டே மார்ட்டின் லூதர் அவ்விருப்பு அடிமைப்பட்டது என மறுப்பெழுதினார். கல்வின் முன்னியமனக் கோட்பாட்டை மேலும் இறுக்கமாக்கினார். இச்சூழலிலேயே ஸ்பெயின் நாட்டவரான இயேசு சபைத் துறவி லூயிஸ் தே மொலினா (1535-1600) 1588இல் லிஸ்பனில் தம் ‘கொன்கோர்டியா’ என்ற நூலை வெளியிட்டார். இறையருள், முன்னறிவு, பராமரிப்பு ஆகியவற்றை மனித சுயாதீனத்துடன் இணக்கப்படுத்துவதே அதன் குறிக்கோள். தொமினிக்கன் சபையின் தொமிங்கோ பான்யெஸ் அதனை எதிர்த்தார். இரு சபைகளுக்குமிடையிலான பிணக்கு ரோமாபுரி வரை சென்றது. 1598 முதல் 1607 வரை விசாரணை நீடித்தது. இறுதியில் பாப்பரசர் ஐந்தாம் பவுல் எத்தரப்புக்கும் சார்பாகத் தீர்ப்பளிக்காது, ஒருவரையொருவர் வழிகேடர் என அழைக்கக் கூடாதெனத் தடை விதித்ததோடு அமைந்தார். தீர்ப்புக் கூற இயலாத இடத்தில் தீர்ப்புக் கூறாதிருந்த அந்த முடிவு பாராட்டத்தக்கதே.

மொலினாவின் இடைநிலை அறிவு

மொலினா இறைவனின் அறிவை மூன்று நிலைகளாகப் பகுத்து நோக்கினார். இது காலவரிசையன்று, தர்க்கவரிசை மட்டுமே. முதலாவது, இயல்பறிவு. எவை அவசியம் உண்மையானவை, எவையெவை சாத்தியமானவை என்பதை அறிவது அது. மூன்றாவது, தன் நாட்டத்தின் வழியே அறிவது. இவ்வுலகைப் படைக்க நாடியதால் இவ்வுலகில் உள்ளதும் நிகழ்வதும் அவனுக்குத் தெரிகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே மொலினா வைத்ததுதான் இடைநிலை அறிவு. குறித்த ஒரு மனிதன் குறித்த ஒரு சூழலில் வைக்கப்பட்டால், தன் சுயவிருப்பால் என்ன செய்வான் என்பதை, எதையும் படைக்க நாடுவதற்கு முன்னரே இறைவன் அறிந்திருக்கிறான் என்பது இதன் பொருள்.

ஓர் உதாரணம் கூறலாம். நேர்மையானவர் எனப் பெயரெடுத்த நீதிபதி ஒருவர், கடனில் மூழ்கியிருந்த வேளையில் அவரிடம் கையூட்டு நீட்டப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பார்? அப்படியொரு வேளை அவர் வாழ்வில் வரவேயில்லை. அவருடைய மனைவிக்கும் இது தெரியாது, அவருக்கே தெரியாது. இறைவனுக்குத் தெரியும் என்கிறார் மொலினா. இவ்வாறு எண்ணற்ற மனிதர்கள் எண்ணற்ற சூழல்களில் என்ன செய்வர் என்பதை அறிந்த இறைவன், எந்த மனிதரை எந்தச் சூழலில் வைப்பது எனத் தீர்மானிக்கிறான். மனிதன் சுயாதீனமாகவே செயற்படுகிறான். இறைவனின் திட்டமோ எள்ளளவும் பிசகுவதில்லை.

மொலினாவின் ஆதரவாளர்கள் பைபிளிலிருந்து இரு சான்றுகளை முன்வைப்பது வழக்கம். 1 சாமுவேல் நூலின் 23ஆம் அதிகாரத்தில், கேகிலா நகரில் தங்கியிருந்த தாவீது, சவுல் தம்மைத் தேடி வருவானா, நகரத்தார் தம்மைக் காட்டிக் கொடுப்பார்களா என இறைவனிடம் வினவுகிறார். ஆம் என விடை வருகிறது. தாவீது நகரை விட்டு வெளியேறிவிடுகிறார். எனவே சவுல் வரவுமில்லை, நகரத்தார் காட்டிக் கொடுக்கவுமில்லை. நிகழாத ஒன்று, நிகழ்ந்திருக்கக் கூடியதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. மத்தேயு நூலின் 11ஆம் அதிகாரத்திலும் இத்தகைய ஒரு கூற்று உண்டு. தங்களிடையே நிகழ்ந்த அற்புதங்களைக் கண்டும் திருந்தாத ஊர்கள் அங்கு கண்டிக்கப்படுகின்றன. அதே அற்புதங்கள் தீரு, சீதோன் நகரங்களில் நிகழ்த்தப்பட்டிருந்தால் அம்மக்கள் மனந்திரும்பியிருப்பர் என்பதே அக்கண்டனத்தின் சாரம்.

அல்-குர்ஆனை ஓதும் வாசகருக்கு இங்கே இரு இடங்கள் நினைவுக்கு வராமலிரா. நரகத்தின் முன் நிறுத்தப்பட்டோர் மீண்டும் உலகுக்கு அனுப்பப்பட வேண்டுமெனக் கெஞ்சும்போது, அனுப்பப்பட்டாலும் அவர்கள் தடுக்கப்பட்டதையே மீண்டும் செய்வர் என ஸூரா அல்-அன்ஆமின் 28ஆம் வசனம் தெரிவிக்கிறது. ஸூரா அல்-கஹ்ஃபில் ஹிழ்ர் (அலை) அவர்கள் சிறுவன் ஒருவனின் உயிரைப் போக்கியதற்கு, அவன் வளர்ந்து தன் பெற்றோரை வரம்பு மீறலிலும் நிராகரிப்பிலும் சிக்கவைப்பான் என்ற அச்சம் காரணமாகக் கூறப்படுகிறது. நிகழாதவை பற்றிய அறிவு இறைவனுக்கு உண்டு என்பது நம் மரபிலும் ஐயத்துக்கிடமற்றது. ஆகவே மொலினாவின் அடிப்படைக் கூற்று நமக்கு அந்நியமானதன்று.

ஃபிளின்டின் நூல்: பலமும் பலவீனமும்

நான்கு நூற்றாண்டுகளுக்கு முந்திய இக்கோட்பாட்டை இன்றைய பகுப்பாய்வு மெய்யியலின் மொழியில் விரிவாக எடுத்துரைத்ததே ஃபிளின்டின் சாதனை. அல்வின் பிளான்டிங்கா 1974இல் தீமைப் பிரச்சினை பற்றி எழுதியபோது, மொலினாவின் பெயரை அறியாமலேயே ஏறத்தாழ அதே கருத்தை வந்தடைந்தார். அது தொடக்கி வைத்த விவாதத்தின் முதிர்ச்சியை ஃபிளின்டின் நூலிற் காணலாம். கோட்பாட்டை விளக்குவதோடு அவர் நிற்கவில்லை. தீர்க்கதரிசனம், ஏற்கப்படாத பிரார்த்தனை, பாப்பரசரின் வழுவாமை, ஏற்கெனவே நிகழ்ந்து முடிந்தவற்றுக்காகப் பிரார்த்தித்தல் ஆகியவற்றுக்கும் அதனைப் பிரயோகித்துப் பார்க்கிறார். பரீட்சைத் தாள் திருத்தி முடிக்கப்பட்ட பின், பெறுபேறு வெளியாகு முன், மாணவனின் தாய் கேட்கும் பிரார்த்தனை வீணானதா? வீணன்று என்பதே இக்கோட்பாடு தரும் விடை. அத்தாய் பிரார்த்திப்பாள் என்பதை அறிந்திருந்த இறைவன் அதனைக் கருத்திற்கொண்டே முந்திய நிகழ்வுகளை ஒழுங்குபடுத்தியிருக்கலாம்.

ஆயினும் கோட்பாட்டின் அடித்தளத்திலேயே ஒரு வெடிப்பு இருக்கிறது. ரொபர்ட் அடம்ஸ் 1977இலும், வில்லியம் ஹாஸ்கர் 1989இலும் அதனைச் சுட்டிக்காட்டினர். நீதிபதி கையூட்டை மறுத்திருப்பார் என்பது உண்மையெனக் கொள்வோம். அதனை உண்மையாக்குவது எது? இறைவனின் நாட்டமன்று, அவ்வாறாயின் நீதிபதியின் சுயாதீனம் போய்விடும். நீதிபதியின் செயலுமன்று, அச்செயல் நிகழவேயில்லை. படைப்புக்கு முந்திய நிலையில் நீதிபதியே இல்லை. அவருடைய குணவியல்பு எனலாமா? குணவியல்பு செயலை நிர்ணயிக்குமாயின் மீண்டும் சுயாதீனம் இல்லை. நிர்ணயிக்காதாயின் அது போதிய ஆதாரமில்லை. ஆக, எதனாலும் தாங்கப்படாது அந்தரத்தில் நிற்கும் உண்மைகள் இவை. ஃபிளின்ட் இவ்வாதத்தைத் திறமையுடன் எதிர்கொள்கிறார். எனினும் எதிராளியின் கோரிக்கை மிகையானது எனக் காட்டும் அளவுக்கு, தம் தரப்பின் ஆதாரம் எது என அவர் காட்டவில்லை.

தவ்ஹீதின் நோக்கில் இதனினும் கனதியான ஒரு வினா உண்டு. இவ்வுண்மைகள் இறைவனின் நாட்டத்தால் உண்டானவையல்ல. அவன் அவற்றை எதிர்கொள்கிறான். அவற்றுக்கு இசையவே அவனால் படைக்க முடிகிறது. சாத்தியமான உலகங்கள் பலவற்றுள் சிலவற்றை மட்டுமே இறைவனால் உண்மையில் தோற்றுவிக்க இயலும் என்பதை ஃபிளின்ட் ஏற்றுக்கொள்கிறார். இங்கு நாம் நியாயம் தவறிவிடலாகாது. சதுர வட்டம் போன்ற தர்க்க ரீதியாக அசாத்தியமானவற்றோடு இறையாற்றல் தொடர்புறுவதில்லை என நம் கலாம் அறிஞர்களும் கூறியுள்ளனர். அதனால் ஆற்றலுக்குக் குறையில்லை. ஆனால் நீதிபதி கையூட்டை வாங்குவார் என்பதோ வாங்கமாட்டார் என்பதோ அவசிய உண்மையன்று, வேறுவிதமாகவும் இருந்திருக்கலாம். வேறுவிதமாக இருந்திருக்கக்கூடிய ஒன்று, இறைவனின் நாட்டத்துக்கு அப்பால், அனாதியாக அவனை வரையறை செய்து நிற்பதே இங்கு எழும் இடர்ப்பாடு.

மூன்று சகோதரர்களும் கேள்விப்படாத மக்களும்

இமாம் அபுல் ஹஸன் அல்-அஷ்அரீ (ரஹ்) அவர்கள் தம் ஆசிரியரான முஃதஸிலா அறிஞர் அல்-ஜுப்பாஈயிடம் கேட்டதாக நூல்களில் வரும் வினாவை இங்கு நினைவுகூரலாம். மூன்று சகோதரர்கள். ஒருவன் நல்லடியானாக மரணித்தான். மற்றவன் நிராகரிப்பாளனாக மரணித்தான். மூன்றாமவன் குழந்தையாகவே இறந்தான். தனக்கு மட்டும் வாழ்ந்து உயர்நிலை அடையும் வாய்ப்பு ஏன் தரப்படவில்லை எனக் குழந்தை முறையிட்டால், நீ வளர்ந்திருந்தால் பாவியாகியிருப்பாய் என்பதை நான் அறிந்திருந்தேன் என்பது இறைவனின் விடையாகும் என்றார் அல்-ஜுப்பாஈ. அப்படியானால் நிராகரித்தவன், என்னையும் ஏன் குழந்தையாகவே எடுத்துக்கொள்ளவில்லை எனக் கேட்பானே என்றார் மாணவர். ஆசிரியரிடம் விடையில்லை. இந்நிகழ்ச்சியின் வரலாற்று நம்பகத்தன்மை பற்றி ஐயுற்றோர் உளர். ஆனால் வினாவின் கூர்மை குன்றவில்லை. அல்-ஜுப்பாஈயின் முதல் விடை, மொலினாவின் இடைநிலை அறிவேயன்றி வேறில்லை. ஒவ்வோர் அடியானுக்கும் மிகச் சிறந்ததையே செய்வது இறைவனின் கடமை என்ற கொள்கையோடு அதனைச் சேர்த்தபோதுதான் அது நொறுங்கியது.

மொலினா அத்தகைய கடமை எதனையும் இறைவன் மீது சுமத்தவில்லை. எந்த உலகைப் படைப்பது என்பது இறைவனின் தூய நாட்டம் என்றே அவர் விட்டுவிட்டார். ஆனால் அவருடைய இன்றைய மாணாக்கர் ஒருவர் மூன்றாம் சகோதரனின் கேள்விக்கு விடை கூற முற்பட்டார். அவர் வில்லியம் லேன் கிரெய்க். கலாம் அறிஞர்களின், குறிப்பாக இமாம் கஸ்ஸாலியின், உலகத் தோற்ற வாதத்தை 1979இல் நூலாக எழுதி மேற்குலகிற் பரப்பியவரும் இவரே. 1989இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், நற்செய்தியைக் கேள்விப்படாமலேயே இறந்த மக்களின் நிலை என்ன என்பதை அவர் ஆராய்ந்தார். கேள்விப்படாது அழிவுக்குள்ளாகும் எவரும், கேள்விப்பட்டிருந்தாலும் ஏற்றிருக்க மாட்டார்; அத்தகையோரையே இறைவன் செய்தி எட்டாத காலங்களிலும் இடங்களிலும் வைத்திருக்கக் கூடும் என்பது அவரது யோசனை. இதனைச் சாத்தியம் என்ற அளவிலேயே அவர் தொடங்குகிறார். பின்னர் நம்பத்தகுந்தது என்ற நிலைக்கு நகர்த்துகிறார்.

இடைநிலை அறிவு இங்கே நிறம் மாறிவிடுகிறது. இறைவனின் ஞானத்தை வியப்பதற்காகத் தோன்றிய ஒரு கருத்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மடிந்த மக்கட் கூட்டங்களின் உள்ளத்தைப் பற்றி மனிதர் தீர்ப்புரைப்பதற்கான கருவியாகிறது. நற்செய்தி எட்டாத காலத்தில் வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பழங்குடியினரோ, பண்டைய தமிழரோ தம் வாழ்வில் செய்யாத ஒரு நிராகரிப்பு அவர் கணக்கில் எழுதப்படுகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘ஃபைஸலுத் தஃப்ரிகா’ என்ற நூலில் இதே பிரச்சினையை அணுகிய முறை வேறு. நபி (ஸல்) அவர்களின் பெயரையே கேள்விப்படாதோர், அவர்களின் உண்மைப் பண்புகளையும் அற்புதங்களையும் அறிந்தும் மறுத்தோர், திரிக்கப்பட்ட செய்திகளை மட்டுமே கேட்டோர் என அவர் மக்களைப் பிரித்தார். தம் காலத்து உரோமக் கிறிஸ்தவர்களிலும் துருக்கியரிலும் முதல் வகையினரையும் மூன்றாம் வகையினரையும் மன்னிக்கப்பட்டோராகவே கருதினார். தூதரை அனுப்பாது தண்டிப்பதில்லை என்ற இறைநெறியோடு (17:15) இது இசைகிறது. கிரெய்க், அம்மக்கள் என்ன செய்திருப்பர் எனக் கேட்கிறார். கஸ்ஸாலி, அவர்களுக்கு எது எட்டியது எனக் கேட்கிறார். முதல் வினாவுக்கு விடை கூற மனிதரால் ஆகாது. இரண்டாவதற்கு ஓரளவேனும் ஆகும்.

அப்படியாயின் மேலே கூறிய ஸூரா அல்-அன்ஆமின் வசனம் கிரெய்க்கின் பக்கம் சாயவில்லையா என ஒருவர் கேட்கலாம். சாயவில்லை. அங்கே பேசப்படுவோர் வாழ்ந்து, தூதரைப் பொய்ப்பித்து, அதனாலேயே பிடிக்கப்பட்டோர். நிகழாதது பற்றிய இறையறிவு அவர்களது இறுதி முறையீட்டின் போலித்தன்மையை வெளிப்படுத்துகிறதே தவிர, தண்டனைக்குக் காரணமாகக் காட்டப்படவில்லை. ஹிழ்ர் (அலை) அவர்களின் நிகழ்ச்சியைப் பொறுத்தவரை, இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் ஒரு விடை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கவாரிஜ்களின் தலைவர்களுள் ஒருவரான நஜ்தா, போரில் சிறுவர்களைக் கொல்லலாமா எனக் கடிதம் எழுதிக் கேட்டார். நபியவர்கள் அவ்வாறு கொன்றதில்லை எனக் கூறிய இப்னு அப்பாஸ், ஹிழ்ர் அந்தச் சிறுவனைப் பற்றி அறிந்திருந்ததை நீரும் அறிந்திருந்தாலன்றி அது ஆகாது என்ற கருத்துப்பட விடையளித்தார். இடைநிலை அறிவு பற்றிய நூல்கள் அனைத்துக்கும் முகவுரையாக வைக்கத்தக்க எச்சரிக்கை இது. அந்த அறிவு இறைவனுக்குரியது. அவன் அறிவித்த அளவுக்கு மேல் மனிதர் கையாள்வதற்குரியதன்று.

இடர் ஏற்கும் இறைவன்

சாண்டர்ஸின் நூல் இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகிறது. தம் சகோதரர் மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்டதை அவர் நூலின் தொடக்கத்தில் எழுதுகிறார். என் சகோதரனை ஏன் கொன்றாய் என்று அன்று அவர் இறைவனிடம் கேட்ட கேள்வியே பின்னர் நூலாக விரிந்தது. எல்லாம் இறைவனின் திட்டமே என்று கூறி ஆறுதலளிக்க முனைவோரின் சொற்கள் அவருக்கு ஆறுதலாக அமையவில்லை.

1994இல் ஐவர் இணைந்து எழுதிய ‘இறைவனின் திறந்த தன்மை’ என்ற நூலின் ஆசிரியர்களுள் அவரும் ஒருவர். கிளார்க் பின்னொக், ஹாஸ்கர் முதலியோர் மற்றையோர். இவர்களது வாதத்தின் சுருக்கம்: எதிர்காலத்தின் சுயாதீனச் செயல்கள் இன்னும் இல்லை, இல்லாததை அறியாதிருப்பது அறியாமையன்று. மனிதருடன் உண்மையான அன்புறவை நாடிய இறைவன், அவ்வுறவு மறுக்கப்படும் இடரையும் ஏற்றுக்கொண்டான். அவனிடம் இலக்கு உண்டு. ஒவ்வொரு நிகழ்வையும் அடக்கிய வரைபடம் இல்லை. பிரார்த்தனை உண்மையாகவே அவனது தீர்மானத்தைப் பாதிக்கிறது.

திருச்சபை உலகில் இது பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. ஐக்கிய அமெரிக்காவின் சுவிசேஷ இறையியல் சங்கம் 2001இல் இறைவனின் முழுமையான முன்னறிவை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. 2003இல் பின்னொக்கையும் சாண்டர்ஸையும் நீக்குவதற்கு வாக்கெடுப்பு நடந்தது. தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைக்காமையால் இருவரும் நீடித்தனர். பின்னர் சாண்டர்ஸ் கல்லூரிப் பதவியை இழக்க நேர்ந்தது. ஒரு கொள்கைக்காக விலை கொடுத்தவரின் நூல் என்ற வகையிலும் இது கவனத்துக்குரியது.

முஸ்லிம் வாசகருக்கு இக்குரல் முற்றிலும் புதியதன்று. பஸராவில் மஃபத் அல்-ஜுஹனீ என்பார், முன்நிர்ணயம் இல்லை, காரியங்கள் நிகழும்போதே புதிதாகத் தோன்றுகின்றன எனப் பேசியதும், அதனைக் கேட்ட இப்னு உமர் (ரழி) அவர்கள் அத்தகையோரிடமிருந்து தம்மை முற்றாக விலக்கிக்கொண்டதும் ஸஹீஹ் முஸ்லிமின் ஆரம்ப ஹதீஸிலேயே இடம்பெற்றுள்ளன. மனித சுயாதீனத்தை வலியுறுத்திய பிற்கால முஃதஸிலாக்கள்கூட இறைவனின் முன்னறிவை மறுக்கவில்லை. அறிவு அறியப்படுவதைப் பின்தொடர்கிறது. அதனை ஆக்குவதில்லை என்ற கலாம் விதி அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

சாண்டர்ஸின் வேத விளக்கமும் ஒருதலைப்பட்சமானது. இறைவன் மனம் வருந்தியதாகக் கூறும் பைபிள் பகுதிகளை அவர் நேர்ப்பொருளிற் கொள்கிறார். ஆனால் சவுலை அரசனாக்கியதற்காக இறைவன் வருந்தியதாகச் சொல்லும் அதே 1 சாமுவேல் 15ஆம் அதிகாரமே, மனம் வருந்துவதற்கு அவர் மனிதரல்லர் என்றும் சொல்கிறது. ஒன்றை நேர்ப்பொருளிலும் மற்றதை வேறுவிதமாகவும் கொள்வதற்கு நியாயம் காட்டப்பட வேண்டும். யூனுஸ் (அலை) அவர்களின் சமூகத்தார் நம்பிக்கை கொண்டதால் தண்டனை நீக்கப்பட்டதை அல்-குர்ஆனும் (10:98) கூறுகிறது. நம் விரிவுரையாளர்கள் அதிலிருந்து இறையறிவு மாறியது என்ற முடிவுக்கு வரவில்லை. எச்சரிக்கை நிபந்தனைக்குட்பட்டது என்றே விளங்கிக் கொண்டனர்.

எனினும் மிக முக்கியமான விமர்சனம் வேறு. இந்நூல் எந்தத் துயரிலிருந்து பிறந்ததோ, அத்துயருக்கு அதன் கோட்பாடு விடை தரவில்லை. ஒரு வீதிச் சந்தியில் இரு வாகனங்கள் மோதவிருக்கின்றன. நேற்று இது இறைவனுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். மோதலுக்குச் சில கணங்களுக்கு முன் அவனுக்குத் தெரியும். தடுக்கும் ஆற்றலும் உண்டு. அவன் தடுக்கவில்லை. ஏன்? முன்னறிவை அகற்றியபின்னும் கேள்வி அப்படியே எஞ்சி நிற்கிறது. எஞ்சாமற் போனது, இத்துன்பத்துக்கு அப்பால் ஒரு ஞானம் இருக்கலாம் என்ற நம்பிக்கை மட்டுமே. இதே அணியைச் சேர்ந்த கிரெகரி போய்ட் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நீண்ட பிரார்த்தனைக்குப் பின் மணமுடித்து, பின்னர் கணவனின் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் கதையைக் கூறுகிறார். அன்று இறைவன் காட்டிய வழி அன்றைய நிலையில் சரியானதே. கணவன் தன் விருப்பால் மாறிவிட்டான் என்பது போய்ட் அவளுக்குத் தந்த விளக்கம். அவள் இறைவன் மீதான சினத்திலிருந்து விடுபட அது உதவியிருக்கலாம். ஆனால் அடுத்த முறை வழி காட்டுமாறு அவள் எந்த உறுதியுடன் கேட்பாள்? நல்லெண்ணம் கொண்ட ஆலோசகரிடம் கருத்துக் கேட்பது வேறு. தவக்குல் வைப்பது வேறு.

பிரார்த்தனையும் காரணங்களும்

ஒன்று திட்டத்தைக் காக்கச் சென்று அந்தரத்தில் நிற்கும் உண்மைகளிடம் அகப்பட்டது. மற்றது உறவைக் காக்கச் சென்று உறுதியை இழந்தது. இரண்டுக்கும் பொதுவான ஓர் எடுகோள் உண்டு: ஒரு செயலில் இறைவனின் பங்கு கூடும் அளவுக்கு மனிதனின் பங்கு குறையும் என்பதே அது. இறைவனும் மனிதனும் ஒரே தளத்தில் நின்று ஒரே கயிற்றை இழுப்பவர்கள் போல இங்கு கற்பனை செய்யப்படுகின்றனர்.

இவ்வெடுகோளை ஏற்காத ஒரு மரபு இரு சமயங்களிலும் இருந்து வந்துள்ளது. இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா உலூமித்தீனில்’, விதியை மாற்ற முடியாதெனில் துஆவினால் என்ன பயன் என்ற கேள்விக்கு, துஆவினால் துன்பம் நீங்குவதும் விதியிலேயே அடங்கும் என விடையளிக்கிறார். கேடயம் அம்பைத் தடுப்பதற்கும், நீர் பயிரை முளைப்பிப்பதற்கும் காரணமாவது போல துஆ அருளுக்குக் காரணமாகிறது. கஸ்ஸாலி மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் தாமஸ் அக்குவைனஸ், இறைவனின் ஏற்பாட்டை மாற்றுவதற்காக நாம் பிரார்த்திப்பதில்லை. பிரார்த்தனையின் மூலம் நிறைவேற வேண்டுமென அவன் ஏற்பாடு செய்தவற்றைப் பெறுவதற்காகவே பிரார்த்திக்கிறோம் என எழுதினார். இரு பேரறிஞரும் ஏறத்தாழ ஒரே விடையைத் தந்திருப்பது சிந்திக்கத்தக்கது. விதியும் முயற்சியும் போட்டியிடுவதில்லை. முயற்சி விதியின் ஒரு பகுதி.

இவ்விடை எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிட்டது எனக் கூறுவதும் நேர்மையாகாது. அக்குவைனஸின் வழிவந்த தொமினிக்கன் விளக்கத்தில் சுயாதீனம் பெயரளவிலேயே எஞ்சுகிறது என ஃபிளின்ட் குற்றஞ்சாட்டுகிறார், அதில் வலுவுண்டு. செயலை இறைவன் படைக்கிறான், மனிதன் அதனை ஈட்டிக்கொள்கிறான் என்ற அஷ்அரீகளின் ‘கஸ்பு’ கோட்பாடும் இதே குற்றச்சாட்டுக்கு ஆளானது. எளிதில் விளங்காத நுட்பத்துக்கு அதனை உவமையாகக் கூறும் வழக்கு அரபு மொழியில் உருவாகும் அளவுக்கு அது சிக்கலானது. பிறர் வீட்டு வெடிப்பைச் சுட்டும்போது நம் சுவரையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இம்மரபு ‘எவ்வாறு’ என்பதை முழுமையாக விளக்கியதாக உரிமை கோரவில்லை. விளக்க முடியாததை ஏற்றுக்கொண்டு, செய்ய வேண்டியதைத் தெளிவாக்கியது. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்ஃக் என்ற இடத்தில் அறிந்த உமர் (ரழி) அவர்கள் படையுடன் திரும்ப முடிவு செய்தபோது, இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என அபூ உபைதா (ரழி) அவர்கள் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் அமைந்த உமரின் விடையில் மெய்யியல் விளக்கம் எதுவுமில்லை. ஆனால் அதில் நம்பிக்கையும் அறிவும் ஒன்றையொன்று வெட்டவில்லை.

முடிவுரை

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் மாத்திரம் 30,000க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதல் நாகப்பட்டினம் வரை எத்தனையோ குடும்பங்கள் சிதைந்தன. அவ்வேளையில் உலகெங்கும் சமய மேடைகள் பேசின. பாவத்தின் தண்டனை என்றனர் சிலர். இறைவனின் மறைவான திட்டம் என்றனர் சிலர். கீழைத் திருச்சபையைச் சேர்ந்த டேவிட் பென்ட்லி ஹார்ட் 2005இல் ‘கடலின் கதவுகள்’ என்ற சிறு நூலை இது குறித்தே எழுதினார். இறந்த குழந்தைகளுக்கு ஒரு கணக்கையும் காரணத்தையும் ஒப்புவிக்க முற்படும் இறையியலை அவர் கண்டித்தார். அவருடைய கிறிஸ்தவ முடிவுகளை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் துயருற்றவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற அவரது எச்சரிக்கை நம் குத்பா மேடைகளுக்கும் உரியது.

ஃபிளின்டையும் சாண்டர்ஸையும் படித்து முடிக்கும் முஸ்லிம் வாசகர் இரண்டு பயன்களைப் பெறலாம். முதலாவது, இறையறிவின் விரிவை நம்புவது ஒன்று. அந்த அறிவு நமக்கும் கிட்டியது போலப் பேசுவது வேறொன்று என்ற தெளிவு. இன்னார் இதற்காகவே இறந்தார், இன்னார் கேட்டிருந்தாலும் ஏற்றிருக்க மாட்டார் என்று கூறும் உரிமை எவருக்கும் வழங்கப்படவில்லை. இரண்டாவது, துயரத்தின் கேள்வியைத் தாழ்வாக மதிக்கலாகாது என்ற உணர்வு. சாண்டர்ஸின் விடையை நாம் மறுக்கிறோம். அவரது கேள்வியை மறுக்க முடியாது. கழா-கத்ர் மீதான ஈமான், துன்பம் நேர்வதற்கு முன் முயற்சியையும், நேர்ந்த பின் பொறுமையையும் வேண்டி நிற்கிறது. பிறருடைய துன்பத்துக்கு விளக்கம் கூறுமாறு அது எவரையும் பணிக்கவில்லை; அவருக்குத் தோள் கொடுக்குமாறே பணிக்கிறது.